கிழக்குச் சுவரில் கோர்னெல்

ஸ்மெரெகோவ்,
18 மார்ச் 2018

அன்புள்ள தம்பி த்ராகோவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு தகவல் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இங்கே ஒரு செய்தி. நம் ஐஸ் ஹாக்கி ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க ஐரோப்பிய நிதி கிடைத்துவிட்டது. கூரை, குளிரூட்டும் எந்திரங்கள், இருக்கைகள், நான்கு பக்கச் சுவர்கள் எல்லாமே மாறுகின்றன. ஜனவரியில் திறப்பு விழா என்று துணை மேயர் சொல்கிறார். அவர் சொல்லும் தேதியோடு இரண்டு மாதம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். நுழைவு மண்டபத்தில் ஸ்டேடியத்தின் வரலாற்றைப் பலகைகளில் எழுதி மாட்டப்போகிறார்கள். எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். "கட்டடப் பிரிவிலேயே மேட்ச் பார்க்கப் போகாத ஆள் நீங்க ஒருத்தர்தான், எஞ்சினியர் அம்மா. நீங்க எழுதினா நடுநிலையா இருக்கும்" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

அவர் வந்தது அதற்காக மட்டும் இல்லை. கையில் கிரீம் கேக் பெட்டி இருந்தது. சுவர்களுக்கு வெளிப்பக்கம் வெப்பத்தைத் தடுக்கும் பலகைகள் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிதியைத் திருப்பிக் கேட்பார்கள். கிழக்குச் சுவரும் அதில் அடக்கம். இரண்டு வருடமாகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என் மகன் பலகைக்குள் போய்விடுவான். அவர் அப்படிச் சொல்லவில்லை. "ஓவியம் கொஞ்சம் பாதிக்கப்படும்" என்றார்.

ரசிகர் சங்கம் புதுச் சுவரிலும் கோர்னெலை வரைய விரும்புகிறது. இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. மாநகராட்சி வக்கீல் பெற்றோர் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்கிறார். அவன் அப்பா லின்ஸிலிருந்து ஒரே வரியில் சம்மதம் அனுப்பிவிட்டார். என்னுடையதுதான் பாக்கி. செப்டம்பர் முடிவதற்குள் கொடுத்தால் போதும். நான் மறுத்தால் சுவர் வெறும் சாம்பல் நிறச் சுவராக இருக்கும்.

படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஒரே ஒரு பக்கக் காகிதம். கேக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று கோர்னெலின் கல்லறைக்குப் போய்வந்தேன். மண் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜெல்கா


தாம்பெரே,
2 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை. பனி மேல் நிற்கும்போது வலிப்பதில்லை, படிக்கட்டில்தான் வலிக்கிறது. ஃபின்லாந்தில் எல்லா வீட்டிலும் படிக்கட்டு இருக்கிறது. மாத்திரையைக் குறைத்தது நல்ல செய்தி. நீயாகக் குறைக்கவில்லையே?

நீ போனை எடுப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் "நலம்" என்று ஒரு சொல் வருகிறது. கடிதத்தில் மட்டும்தான் பேசுகிறாய். அதனால் நானும் தபால் நிலையத்துக்குப் போகிறேன். அங்கே இருக்கும் பெண், என் சொந்தக்காரர் யாரோ சிறையில் இருக்கிறார் என்று நினைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்டேடியத்தில் எத்தனை பேர் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள்! தேசிய அணிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். யாருக்காவது சுவர் கிடைத்ததா? பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஊரே சேர்ந்து சுவர் கொடுத்தது. புதுச் சுவரில் இரண்டு மடங்கு என்றால் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். வெளியூர் அணிகள் பஸ்ஸில் வரும்போதே அவனைப் பார்த்துக் கோல் அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடும்.

எங்களுக்குக் கால் இறுதி நடந்துகொண்டிருக்கிறது. நான் பயிற்சி கொடுக்கும் கோல்கீப்பர்கள் இருவரில் ஒருவனுக்கு இடுப்பு வலி, இன்னொருவனுக்குக் காதல். வேறு என்ன எழுத?

திறப்பு விழாவுக்கு வரப் பார்க்கிறேன்.

உன் தம்பி
த்ராகோ


ஸ்மெரெகோவ்,
20 மே 2018

அன்புள்ள த்ராகோ,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே திடீரென்று வெயில். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டத் தொடங்கிவிட்டார். இனி அக்டோபர்வரை காது கேட்காது. நான் வழக்கம்போல இருக்கிறேன்.

வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதுபான ஆலைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் தீயணைப்பு வண்டியால் தண்ணீர் பாய்ச்சி, அது உறைந்த பிறகு ஆடினார்கள். வெயில் அடித்தால் ஆட்டம் ரத்து. ஐம்பதுகளின் கடைசியில் செயற்கைப் பனி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மண்வெட்டியோடு வந்து பள்ளம் தோண்டியது. சம்பளம் இல்லை. வேலை செய்த குடும்பத்துக்குப் பார்வையாளர் மேடையில் ஓர் இடம், அதில் பெயர் பொறித்த தகரத் துண்டு. அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. அது மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு. விவாகரத்தில் வீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டேடியத்து இடத்தை வைத்துக்கொண்ட ஒரு பல் மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கூரை எழுபதுகளில் வந்தது. மாட்டுச் சந்தைக்கு என்று வரைந்து வைத்திருந்த வடிவம். தூண்கள் சரியாகப் பார்வைக்குக் குறுக்கே நிற்பது அதனால்தான். மாட்டுக்கு எதையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

துணை மேயர் மாட்டுச் சந்தையை எடுத்துவிடச் சொன்னார். "கொஞ்சம் உணர்ச்சியும் இருக்கட்டும், எஞ்சினியர் அம்மா" என்றார். நான் ஆண்டுகளைச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

கடைசியாகப் பனியை உருக்கியபோது நான் போயிருந்தேன். எல்லாம் சேறும் தண்ணீருமாக வடிந்தது. ஓரத்தில் ஒரு பொய்ப்பல் கிடந்தது. அதற்கும் சொந்தக்காரர் வந்தார்.

சனிக்கிழமை இறைச்சி வாங்கப் போனேன். குஸ்தோதான் வெட்டிக்கொண்டிருந்தான். சுவரை வரைந்தவர்களுக்குத் தலைவன், மேட்ச்சில் முரசு அடிப்பவன் என்பது உனக்குத் தெரியும்.

"எஞ்சினியர் அம்மா, விலா இன்னிக்கு நல்லா வந்திருக்கு. ஒண்ணு போடட்டுமா?"

"பாதி போதும்."

"பாதியா? பூனை வளர்க்கிறீங்களா?"

பின்னால் நின்ற ஒரு பெரியவர் கத்தினார். "டேய் குஸ்தோ, கதை பேசாம வெட்டுடா! டிவியில மேட்ச்சே முடிஞ்சிடும்போல."

"நீங்க சும்மா இருங்க பெருசு. பல்லு இல்லாத ஆளுக்கு விலாவுல என்ன அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். நான் இருக்கும் இடத்தில் சிரிப்பு நீடிப்பதில்லை. குஸ்தோ கட்டிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் காகிதம்..."

"படிச்சிட்டிருக்கேன்."

"மெதுவாப் படிங்க. பசங்க பெயிண்ட் எல்லாம் விசாரிச்சு வெச்சுட்டானுங்க, அதான் கேட்டேன். அவசரம் இல்ல."

வீட்டுக்கு வந்து பிரித்தால் முழு விலா இருந்தது.

உனக்கு ஆட்டங்கள் முடிந்திருக்கும். கோடையில் வருவாயா? ஜூலையில் நான் விடுப்பு எடுக்கலாம்.

அக்கா


தாம்பெரே,
14 ஜூன் 2018

அன்புள்ள அக்கா,

நீ நலமா? வெயிலில் தொப்பி போடாமல் கட்டட வேலையைப் பார்க்கப் போகாதே. நான் நலம். ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் இருக்கிறேன். காலையில் மீன், மாலையில் மீன். கொசுக்கள் மட்டும் இறைச்சி சாப்பிடுகின்றன.

அந்தப் பல் மருத்துவர் யார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், அவருடைய தகரத் துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குஸ்தோ போன் செய்தான். உன்னிடம் கேட்கக் கூச்சமாம். "அக்கா போட்டுடுவா, கவலைப்படாத" என்று சொல்லிவிட்டேன். சங்கத்தில் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்களாம். வரைவதற்கு ப்ராதிஸ்லாவாவிலிருந்து தேர்ந்த ஆளை அழைத்துவரப் போகிறார்கள். இந்த முறை தொழில் தெரிந்த ஆள்.

நீ தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் எதற்குத் தயங்குகிறாய் என்பது புரியவில்லை.

உனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கோடையில் மலிவு.

த்ராகோ


ஸ்மெரெகோவ்,
29 ஜூலை 2018

த்ராகோவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். காலுறை வந்தது.

எனக்குப் பதிலாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். படித்தேன். பதில் எழுத இவ்வளவு நாளானது அதனால் இல்லை. வேலை அதிகம்.

கிழக்குச் சுவருக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். பூச்சு எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. ஒவ்வொரு தளமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மேஸ்திரி வெளியூர்க்காரர். மூன்றாவது தளத்துக்கு ஏறும்போது யாரோ கீழிருந்து அவரிடம் ஏதோ சொன்னார்கள். உடனே ஓடிவந்தார்.

"அம்மா, நீங்க இறங்குங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"இது என் வேலைங்க."

"தெரியும்மா. இருந்தாலும்..."

ஏறினேன். முகம் இருந்த இடம் அது. பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரிவதில்லை, நிறங்கள்தான் தெரிகின்றன. இடது கண்ணில் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அங்கே பூச்சு உறுதியாக இருக்கிறது, தாடையில் உப்பிப்போயிருக்கிறது. குறித்துக்கொண்டேன். கையுறை வரைந்த இடத்தையும் தட்டிப் பார்த்தேன்.

இறங்கியதும் முடிவு செய்தேன். கையெழுத்துப் போடமாட்டேன். துணை மேயரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நீ குஸ்தோவிடம் சொன்னதை நீயே சரிசெய்துகொள்.

ஜெல்கா


தாம்பெரே,
8 ஆகஸ்ட் 2018

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

நீ என்ன செய்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? அவர்கள் உன்னிடம் பணம் கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. அவனை நினைவில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். மார்ச் மாதக் குளிரில் கை விறைக்க நின்று வரைந்தார்கள். இரண்டு வருடமாக உள்ளூரில் நடக்கும் ஒவ்வொரு மேட்ச்சிலும் முப்பத்தோராவது நிமிடத்தில் அவன் சட்டை எண்ணுக்காக எழுந்து நின்று சாவிக்கொத்தை ஆட்டுகிறார்கள். நீ ஒரு முறைகூட வந்து கேட்டதில்லை.

நீ அழுது யாரும் பார்த்ததில்லை என்று குஸ்தோ சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான். ஊருக்கு இருக்கும் துக்கம்கூட உனக்கு இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சுவரையும் மூடிவிட்டால் மற்றவர்கள் நினைப்பார்கள்.

குஸ்தோவிடம் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

த்ராகோ


ஸ்மெரெகோவ்,
2 செப்டம்பர் 2018

தம்பி த்ராகோவுக்கு,

நலமா? நான் நலம். மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். பெரிய விஷயமில்லை.

நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று குஸ்தோ சொன்னது சரி. நீயும் பார்க்கவில்லை. பார்க்கும் இடத்தில் நீ இருக்கவில்லை. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவில் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஹாக்கி தெரியாது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பத்து வருடம் பையனின் மூட்டையைக் கட்டியவளுக்கு எது எந்தக் கைக்கு என்று தெரியும். கோர்னெல் இடது கைக்காரன். மட்டையை இடது கையில் பிடிப்பான், பிடிக்கும் கையுறை வலது கையில். ஊரில் வேறு எந்த கோல்கீப்பரும் அப்படி இல்லை. அவனுக்குப் பொருந்தும் கையுறை கிளப்பில் இல்லை என்று பயிற்சியாளர் அவனுடைய கையையே மாற்றப் பார்த்தார். அவன் சாப்பிடாமல் படுத்தான். நீதான் அங்கிருந்து ஒரு ஜோடி தேடி அனுப்பினாய். அவனுக்கு அப்போது ஏழு வயது. பெரிய கையுறை, முழங்கைவரை வந்தது. அதைக் கழற்றாமல் தூங்கினான்.

சுவரில் இருப்பவன் இடது கையால் பிடிக்கிறான்.

அவர்கள் வைத்திருந்த புகைப்படத்தில் கோர்னெல் வலப்பக்கம் பார்க்கிறான். அப்படியே வரைந்தால் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பஸ் நிறுத்தத்தைப் பார்க்கட்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். எண்ணும் சட்டையின் சின்னமும் இடவலம் மாறிப்போகும் என்று அவற்றை மட்டும் சரியாகத் திருத்தினார்கள். கைகளை விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே பார்த்தேன். ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் பால்காரிக்கும் கையுறை எந்தப் பக்கம் என்று தெரியும். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. முகம் அவனுடையது, கைகள் வேறு யாருடையவோ. அதை இரண்டு மடங்காக்க நான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறாய்.

குளிர் தொடங்கும் முன் முழங்காலைக் காட்டிவிடு.

அக்கா


தாம்பெரே,
13 செப்டம்பர் 2018

அன்புள்ள அக்கா,

உன் மாத்திரை பழைய அளவுக்குப் போனதற்கு நானும் காரணமாக இருக்கலாம்.

நானும் பார்த்தேன். வரைந்து முடித்த அன்றே குஸ்தோ படம் அனுப்பினான். எங்கள் அணியோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், அரை இறுதிக்கு. என் தொழில் உனக்குத் தெரியும். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பேன். கையுறை இடது கையில் இருந்தது. "அருமை" என்று பதில் போட்டேன். அன்று நாங்கள் ஜெயித்தோம். என் கோல்கீப்பர் அன்று எப்படி ஆடினான் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அந்த வாரத்தைப் பற்றி வேறு எதுவும் எழுத என்னால் முடியவில்லை.

ஆனால் பார், கைகள்தான் சிக்கல் என்றால் அது சின்ன சிக்கல். குஸ்தோவிடம் சொல். புதுச் சுவரில் கைகளைச் சரியாக வரையட்டும். திருப்பாத படம் என்னிடமே நிறைய இருக்கிறது, நல்ல படங்கள். பிறகு நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

செய்வாயா?

த்ராகோ


ஸ்மெரெகோவ்,
30 செப்டம்பர் 2018

அன்புள்ள த்ராகோ,

முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லை. நான் நலம்.

நீ சொன்னபடி செய்தேன். குஸ்தோவின் வேலை முடியும் நேரத்தில் கடைக்குப் போனேன். கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டு ஒரு பெட்டிமேல் உட்காரச் சொன்னான்.

"குஸ்தோ, கைங்க தப்பா இருக்கு."

எந்தக் கைகள் என்று அவன் கேட்கவில்லை. தண்ணீரை நிறுத்தினான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

"அய்யோ, எஞ்சினியர் அம்மா." பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டிமேல் அவனும் உட்கார்ந்தான். "வரையும்போது சத்தியமா தெரியல. ஏணியில இருந்தா ஒண்ணும் தெரியாது. அழுகை வேற, குடி வேற. முடிச்சுட்டு எதிர்ப்பக்கம் போய் நின்னு பாத்தோம். யானோதான் சொன்னான், 'டேய், அவன் அந்தக் கையில பிடிக்க மாட்டானேடா'ன்னு. சரி, நாளைக்கே அழிச்சு மாத்திடலாம்னு பேசிட்டிருக்கோம், பஸ் வந்து நிக்குது. நீங்க இறங்குறீங்க."

"ஞாபகம் இருக்கு."

"ரொம்ப நேரம் நின்னீங்க. அப்புறம் 'நல்லா இருக்கு, நன்றி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் அதை எவன் தொடுவான்?"

"நீங்க எல்லாம் ராத்திரி பகலா குளிர்ல நின்னிருந்தீங்க. வேற என்ன சொல்றது?"

"கை தப்புடா முட்டாளுங்களான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்."

குஸ்தோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் எழுந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப இதான் விஷயமா? இதுக்குத்தான் காகிதத்தைப் பிடிச்சு வெச்சிருந்தீங்களா? அட, சரியா வரைஞ்சுடலாம்மா! ஒவ்வொரு விரலும் சரியா இருக்கும். என்கிட்ட வீடியோவே இருக்கு. அவன் பறந்து வர்ற வட்டைப் பிடிச்சுட்டுக் கையை இப்படித் தூக்கிக் காட்டுவானே, கொழுப்பெடுத்த மாதிரி? அப்படியே!"

என்று சொல்லிக் கையைத் தூக்கிக் காட்டினான். வலது கையை.

த்ராகோ, கோர்னெல் அப்படித்தான் தூக்குவான். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி. நான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு நான் எழுதிய காரணம் பொய் இல்லை, ஆனால் அது காரணமும் இல்லை. தினமும் காலையும் மாலையும் அந்தச் சுவரைத் தாண்டி என்னால் போகவர முடிந்தது, கைகள் தப்பாக இருந்ததால்தான். பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். கையைப் பார்ப்பேன். இது அவன் இல்லை என்று தெரியும். அலுவலகத்துக்குப் போய்விடுவேன்.

குஸ்தோவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சரியா வரைஞ்சா இன்னும் கஷ்டம்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் கை அப்படியே நின்றது. மெதுவாக இறக்கினான்.

"நாங்க வாரத்துக்கு ஒரு தடவை பாக்குறோம்" என்றான். "மேட்ச் இருந்தாத்தான் அதுவும். நீங்க தினமும் அந்தப் பஸ்ல."

"ஆமா."

"அப்ப வேணாம்மா."

"பசங்க?"

"பசங்ககிட்ட நான் பேசிக்கிறேன். திட்டுவானுங்க. எனக்குப் புதுசா?"

வாசல்வரை வந்தான். நான் எதுவும் வாங்கவில்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை துணை மேயரிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கையெழுத்து இல்லாமல். வாங்கி இழுப்பறையில் வைத்தார். பிறகு சாம்பல் நிறத்தில் எந்தச் சாம்பல் என்று கேட்டார். மாதிரி அட்டையில் இரண்டாவதைக் காட்டினேன். பலகைகள் அக்டோபர் நடுவில் ஏறுகின்றன.

நீ கோபித்துக்கொண்டால் எழுது. கோபமில்லை என்றாலும் எழுது.

அக்கா ஜெல்கா


தாம்பெரே,
17 அக்டோபர் 2018

அன்புள்ள அக்கா,

முழங்காலில் அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள். ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதவில்லை, வேறொன்றும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் இல்லை. எனக்கு அந்தச் சுவர் எதற்காக வேண்டியிருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது இருக்கும்வரை நான் அங்கே வந்து வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

31ஆம் தேதி வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். பருவத்தின் நடுவில் விடுப்பா என்று மேலாளர் கேட்டார். "குடும்ப விஷயம்" என்றேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் அடக்கத்துக்கு வரவும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

சுவரை மூடிவிட்டார்களா? கோர்னெலின் அறையில் மட்டும் என்னைப் படுக்கச் சொல்லாதே.

தம்பி
த்ராகோ


ஸ்மெரெகோவ்,
23 அக்டோபர் 2018

அன்புள்ள தம்பி,

அறுவையைத் தள்ளிப்போடாதே. என் உடம்பு அப்படியே இருக்கிறது. நேரில் பார்த்துக்கொள்.

சுவரை மூடிவிட்டார்கள். குஸ்தோவும் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். முரசு இல்லை, கொடி இல்லை, நடைபாதையில் சும்மா நின்றார்கள். மேஸ்திரி கீழிருந்து மேலாகப் பலகைகளை ஒட்டிக்கொண்டு போனார். நான் வழக்கம்போலப் பூச்சையும் ஆணிகளையும் சரிபார்த்தேன். முகம் மறைந்தபோது யானோ பக்கத்தில் வந்து, "எஞ்சினியர் அம்மா, சூடா ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். குடித்தேன். ஸ்டேடியம் திறந்த பிறகு முதல் மேட்ச் எப்போது என்று கேட்டேன். சொன்னான். அதற்குமேல் பேச எங்களுக்கு எதுவும் இல்லை, இருந்தாலும் யாரும் போகவில்லை.

எனக்குப் பெரிதாக எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை. இன்று காலை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஒரு சுவர் இருந்தது.

கூடத்தில் சோபாவை விரித்துவைக்கிறேன். நீ வந்த மறுநாள் அனைத்துப் புனிதர் திருநாள் என்பதால் காலையிலேயே கல்லறையில் கூட்டம் சேர்ந்துவிடும். மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் நான் வாங்கி வைக்கிறேன். நீ முன்னதாகவே வந்து சேர்ந்தாலும் தனியாக அங்கே போகாதே. புதுப் பகுதியில் வரிசைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவன் எந்த வரிசை என்று உனக்குத் தெரியாது. நான் கூட வருகிறேன்.

அக்கா
ஜெல்கா